மேலத்தெருவுக்கு வெள்ளம் வராது

ஐப்பசி 1, சனி

மளிகைக் கடையில் இலவசமாகக் கொடுத்த டைரி இது. வருஷம் முக்கால்வாசி போன பிறகு தூசி தட்டி எழுத உட்கார்ந்திருக்கிறேன் என்றால், டாக்டர்தான் காரணம். அவருக்கு எப்போது என்ன மாத்திரை கொடுத்தேன், எவ்வளவு சாப்பிட்டார், வலி கூடியதா குறைந்ததா, எல்லாம் எழுதி வைக்கச் சொல்லியிருக்கிறார். அவர் என்றால் என் வீட்டுக்காரர். ஆவணியில் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்து, பிளேட் வைத்திருக்கிறார்கள்.

"உடம்பு குலுங்கக் கூடாதும்மா. குலுங்காமப் பாத்துக்கிட்டா கார்த்திகைக்குள்ள நடந்துருவாங்க. பிளேட் நகந்துச்சுன்னா அப்புறம் கட்டில்தான்" என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். ஆட்டோ கூடாது, கார் கூடாது, போக வேண்டுமென்றால் ஆம்புலன்ஸில் படுக்க வைத்து மெல்லத்தான் போக வேண்டும். கார்த்திகை தீபத்தன்று வாசல் வரை நடந்து வந்து விளக்கு வரிசையைப் பார்க்க வேண்டும் என்று அவருக்கு ஆசை. எனக்கும்தான்.

காலை மாத்திரை மூன்றும் கொடுத்தாயிற்று. இட்லி இரண்டு. வலி பரவாயில்லை.

நர்ஸ் ஜெயசீலி வந்து காலுக்குப் பயிற்சி கொடுத்துவிட்டுப் போனாள். கீழத்தெருக்காரி. ஆரம்ப சுகாதார நிலையத்தில் வேலை. போகும்போதும் வரும்போதும் நம் வீட்டுக்கு வந்து போகிறாள். கொல்லை வழியாகத்தான் வருவாள், சைக்கிள் நிறுத்த அங்கேதான் வசதி. "வரும்போது மிதிக்கவே வேண்டாம்மா, சைக்கிள் தானா வந்துரும். போறப்போதான் மூச்சு வாங்கும்" என்று சிரித்தாள். ஐம்பது வயதாகிறது, வாங்கத்தானே செய்யும்.

அவளுக்குக் காபிக்குத் தனியாக ஒரு டம்ளர் வைத்திருக்கிறேன். ஆஸ்பத்திரிக்குப் போய் வருகிறவள், தொற்று கிற்று இருக்கும், சுகாதாரம் முக்கியம் அல்லவா. எங்கள் வீட்டு டம்ளரில் எல்லாம் என் கல்யாணத்தின்போது வெட்டிய பெயர் இருக்கும். அவளுடையது தேயிலைப் பாக்கெட்டோடு சும்மா வந்தது, பெயர் கிடையாது. குடித்துவிட்டு அவளே கழுவி, கொல்லைச் சுவர் மாடத்தில் கவிழ்த்து வைத்துவிடுவாள். அண்ணாந்துதான் குடிப்பாள், ஒரு சொட்டு உதட்டில் படாது. சுத்தமான பெண்.

ஐப்பசி 5, புதன்

தீபாவளி எண்ணெய்ச் சட்டியைக்கூட இன்னும் தேய்க்கவில்லை, அதற்குள் பள்ளிக்கூடத்தில் கூட்டம் என்று கூப்பிட்டார்கள். புதிதாக வெள்ள முன்னறிவிப்பு வந்திருக்கிறதாம். ஆற்றுப் பாலத்தில் ஏதோ கருவி, பிள்ளையார் கோயில் முக்கில் சைரன் கம்பம், எல்லார் போனுக்கும் முன்கூட்டியே அழைப்பு வரும் என்றார்கள். பொறுப்பாக வந்த பெண்ணுக்கு முப்பது வயதிருக்கும். நன்றாகத்தான் பேசினாள். திரையில் ஊர்ப் படத்தைப் போட்டுக் காட்டும் வரை எல்லாரும் நன்றாகத்தான் கேட்டார்கள்.

படத்தில் எங்கள் மேலத்தெரு முழுக்கச் சிவப்பு. கீழத்தெரு பச்சை.

எதிர்வீட்டுக் குற்றாலிங்கம் அண்ணாச்சிதான் எழுந்தார். உரக்கடை வைத்திருக்கிறார், குரலுக்கு மைக் தேவைப்படாது.

"எம்மா, படத்தத் தலகீழா மாட்டிட்டீயளோ?"

கூட்டம் முழுக்கச் சிரிப்பு. அந்தப் பெண் சிரிக்கவில்லை.

"இல்ல சார், சரியாத்தான் இருக்கு. கருவி வச்சு அளந்திருக்கோம். மேலத்தெருதான் பள்ளம். பைபாஸ் ரோட்ட உயத்திப் போட்ட பிறகு பழைய ஓடைத் தண்ணிக்குப் போக வழியில்ல. உங்க தெருவுக்குப் பின்னாடிதான் வந்து தேங்கும்."

"பேரு என்ன தாயி? மேலத்தெரு. மேல இருக்கது எப்படிப் பள்ளமாகும்? அது கீழத்தெரு. கீழ இருக்கதுக்கு வெள்ளம் வராதாம், மேல இருக்கதுக்கு வருமாம். மேல கீழ தெரியாத மிஷினை வாங்கிட்டு வந்து நமக்குப் பாடம் எடுக்காவ!"

மேல என்றால் மேற்கு, கீழ என்றால் கிழக்கு. இது எங்களுக்குத் தெரியாததில்லை. ஆனால் பிறந்ததிலிருந்து மேலத்தெரு, மேலத்தெரு என்று சொல்லிச் சொல்லி, அந்தச் சொல்லுக்குள் உயரமும் ஒட்டிக்கொண்டுவிட்டது. நான்கூடக் கைதட்டினேன்.

பிறகு அந்தப் பெண் கடைசியாக ஒன்று சொன்னாள். வெள்ளம் வரும் என்று அழைப்பு வந்தால் மேலத்தெருக்காரர்கள் எல்லாரும் கீழத்தெரு சமுதாயக்கூடத்துக்குப் போய்விட வேண்டும். ஊரில் அதுதான் மேடு. அங்கே ஏற்பாடு எல்லாம் ஜெயசீலி பார்த்துக்கொள்வாள்.

இந்தத் தடவை சிரிப்பு வரவில்லை. அதற்குப் பிறகு யாரும் வெள்ளத்தைப் பற்றிப் பேசவும் இல்லை. அங்கே கழிப்பறை எப்படி, கொசு எப்படி, மின்விசிறி உண்டா, பெண்களுக்குப் பாதுகாப்பு உண்டா, இதே பேச்சு. எல்லாம் நியாயமான கேள்விகள்தான். ஜெயசீலி ஓரமாக நின்று ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்லிக்கொண்டிருந்தாள்.

இரவு மாத்திரை கொடுத்தேன். வலி இல்லை என்றார்.

ஐப்பசி 12, புதன்

நல்ல வெயில். வற்றல் காயப் போட்டிருந்தேன். பதினோரு மணி வாக்கில் சைரன் ஊளையிட ஆரம்பித்தது. கால்மணி நேரம் நிற்கவே இல்லை. வானத்தில் பேருக்கு ஒரு மேகம் கிடையாது. காக்கை கூடு கட்டப்போய்க் கம்பியோடு கம்பி உரசிவிட்டதாம். குற்றாலிங்கம் அண்ணாச்சி குடையை விரித்துக்கொண்டு, வேட்டியை முழங்காலுக்கு மேல் தூக்கிக் கட்டி, தெருவில் நீந்துகிறவர் மாதிரி கையை வீசி நடந்தார். சிரித்துச் சிரித்து எனக்கு விலா வலித்தது. சைரன் கம்பத்துக்குக் கோடாங்கி என்று பெயர் வைத்துவிட்டார். ராத்திரி உடுக்கை அடித்துக் குறி சொல்லும் கோடாங்கி, இப்போது பகலிலேயே ஆட ஆரம்பித்துவிட்டது என்கிறார்.

பயிற்சி முடித்துக் காபி குடிக்கையில் ஜெயசீலியிடமும் சொன்னேன். அவளும் சிரித்தாள். "காக்கா கூட்டப் பிரிச்சாச்சும்மா. ஆனா போன்ல வாரதக் கேளுங்க, அத விட்டுராதீய" என்றாள்.

ஐப்பசி 20, வியாழன்

நேற்றிலிருந்து மழை. மத்தியானம் போனில் முதல் அழைப்பு வந்தது. ஒரு பெண் குரல், செய்தி வாசிக்கிற மாதிரி: "மேலத்தெரு பகுதிக்குள் இன்று இரவு வெள்ளம் புகுவதற்கு அறுபது விழுக்காடு வாய்ப்பு உள்ளது." இரண்டு தடவை சொல்லிவிட்டு வைத்துவிட்டது.

வாய்ப்பாம். வேலை வாய்ப்பு மாதிரி வெள்ள வாய்ப்பு. "மிச்சம் நாப்பதுக்கு நம்ம வீட்டுலயே இருந்துக்கிடலாம்" என்று குற்றாலிங்கம் அண்ணாச்சி வாசலில் நின்று சத்தம் போட்டார். தெருவில் ஒருத்தரும் கிளம்பவில்லை. நாங்களும்தான்.

பரணை ஒழுங்கு பண்ணி ரொம்ப நாளாயிற்று என்று தோன்றியது. கல்யாணப் பாத்திரம், பட்டுப் புடவைகள், வீட்டுப் பத்திரம் எல்லாவற்றையும் மேலே ஏற்றினேன். அரிசி மூட்டையையும் இன்னொரு கட்டில் மேல் தூக்கி வைத்தேன், எலித் தொல்லை இருக்கிறது. அவர் படுத்தபடி என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"ஏளா, எல்லாத்தையும் ஏத்துத. என்னைய எங்க ஏத்தப் போற?"

"மழ நாள்ல என்ன கேலி" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டேன்.

ஐப்பசி 21, வெள்ளி

வெள்ளம் வரவில்லை. ஆறு படித்துறையோடு நின்றுவிட்டது. காலையிலிருந்து தெருவில் திருவிழாக் களை.

ஜெயசீலிக்குத்தான் முகம் சரியில்லை. எங்களுக்காகக் கூடத்தில் அண்டா நிறையச் சோறு வடித்து, சாம்பார் வைத்து, ராத்திரி வரை உட்கார்ந்திருந்தார்களாம். கடைசியில் மாட்டுக்குப் போட்டார்களாம். யார் வடிக்கச் சொன்னது? அறுபது விழுக்காடு என்றால் அறுபது பேருக்கு வடிப்பதா என்று கேட்டேன். விளையாட்டாகத்தான் கேட்டேன். அவள் அவருடைய காலை மெல்ல மடக்கி நீட்டிக்கொண்டே, "வந்துட்டீயன்னா பட்டினியா இருக்கக் கூடாதுல்லாம்மா" என்றாள்.

இரண்டு இட்லி. வலி இல்லை. வீக்கம் வடிந்திருக்கிறது.

ஐப்பசி 27, வியாழன்

இன்று எழுந்து நின்றார்!

ஐப்பசி 30, ஞாயிறு

வாக்கரைப் பிடித்துக்கொண்டு ஜன்னல் வரை நடந்தார். ஜெயசீலி பக்கத்திலேயே, கையைத் தொடாமல், விழுந்தால் தாங்கத் தயாராக நின்றாள். அவர் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு சின்னப் பிள்ளை மாதிரி சிரித்தார். நாற்பது வருஷத்தில் அந்தச் சிரிப்பை நான் பார்த்தது குறைவு. அடுப்படிக்குள் போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தேன்.

ஜெயசீலி கிளம்பிப் போவதை அவர் ஜன்னல் வழியாகவே பார்த்துக்கொண்டு நின்றார்.

"பாத்தியா, முக்கு திரும்புனதும் எறங்கித் தள்ளிட்டுப் போறா."

"வயசாகிட்டுல்லா."

"வயசாகிட்டு, சரி. வாரப்போ மட்டும் எப்படி எளவட்டமா வாரா?"

என்ன சொல்ல வருகிறார் என்று கேட்டேன். ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டுப் படுத்துவிட்டார்.

பெங்களூரிலிருந்து சிவராம் போன் செய்தான். பெற்ற பிள்ளைக்கு அங்கே உட்கார்ந்துகொண்டு இந்த ஊர் மழைதான் கவலை. அடுத்த வாரம் தாழ்வு மண்டலமாம்.

கார்த்திகை 4, வியாழன்

ராத்திரி பூரா மழை. பகல் பூரா மழை. துணி ஒன்றும் காயவில்லை. அவருடைய படுக்கை விரிப்பை அடுப்புக்கு மேலே கொடி கட்டிக் காயப் போட்டேன், புகை வாடை அடிக்கிறது. மாத்திரை கொடுத்தேன். எவ்வளவு சாப்பிட்டார் என்று நினைவில்லை.

கார்த்திகை 5, வெள்ளி

காலையிலேயே அழைப்பு வந்துவிட்டது. அதே குரல். இன்று மாலை ஆறு மணிக்குள் மேலத்தெருவுக்குள் வெள்ளம் புக எண்பத்தைந்து விழுக்காடு வாய்ப்பு உள்ளது, மத்தியானத்துக்குள் சமுதாயக்கூடத்துக்குச் செல்லவும் என்றது. கோடாங்கியும் ஊளையிட்டது. மழைச் சத்தத்தில் அது அவ்வளவாக எடுபடவில்லை.

பத்து மணிக்கு ஜெயசீலி வந்தாள். தொப்பலாக நனைந்திருந்தாள். கொல்லைக் கதவில் நின்றுகொண்டு படபடவென்று பேசினாள்.

"ஆம்புலன்ஸ் சொல்லிட்டேம்மா. அரமணி நேரத்துல வந்துரும். ஐயாவ அப்படியே ஸ்ட்ரெச்சர்ல வச்சு, குலுங்காமக் கொண்டு போயிரலாம். இப்ப ரோட்டுல தண்ணி நிக்கல, தண்ணி வந்துட்டுன்னா வண்டி உள்ள வராது. கூடத்துல ஒரு கட்டிலு, மெத்தையெல்லாம் போட்டு வச்சிருக்கேன்."

"அன்னைக்கும் இப்படித்தான் சொன்னீய."

"அன்னைக்கு அறுபதும்மா. இன்னைக்கு எம்பத்தஞ்சு."

"கெடக்கட்டும். ஐயாவுக்குத் தூசி ஒத்துக்கிடாது. அத்தன கூட்டத்துல தொற்று ஏதாவது வந்துட்டா யாரு பாக்கது? சுகாதாரம்னு ஒண்ணு இருக்குல்லா?"

அவள் என்னையே பார்த்தாள். முப்பது வருஷமாக நர்ஸாக இருக்கிறவளிடம் சுகாதாரம் பேசிவிட்டேனே என்று எனக்கே ஒரு மாதிரிதான் இருந்தது. உள்ளிருந்து அவர் குரல் கொடுத்தார்.

"போவோம்ளா."

"நீங்க சும்மா இருங்க."

"தூசி கீசின்னு சொல்லாத. என் இடுப்பு. நான் சொல்லுதேன், போவோம்."

முன்வாசலுக்குப் போய்ப் பார்த்தேன். எதிர்வீட்டில் குற்றாலிங்கம் அண்ணாச்சி நாற்காலி போட்டு உட்கார்ந்து முறுக்கு தின்றுகொண்டிருந்தார். "என்ன மைனி, குறி கேட்டுட்டுக் கெளம்பிட்டீயளா?" என்று சத்தமாகக் கேட்டார். இல்லை அண்ணாச்சி, மழை பார்க்க வந்தேன் என்றேன். தெருவில் ஒரு வீடு பூட்டவில்லை. முதல் ஆளாக நாங்கள் ஆம்புலன்ஸில் ஏறி, ஊர் பார்க்கக் கீழத்தெருவுக்குப் போய் இறங்கினால் எப்படி இருக்கும்?

ஆம்புலன்ஸ் வந்தது. திருப்பி அனுப்பிவிட்டேன்.

இப்போது மணி ஒன்று. அவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருக்கிறார். ரசம் சாதம் வேண்டாம் என்றுவிட்டார். மாத்திரைகளையும் மருத்துவச் சீட்டுகளையும் இந்த டைரியையும் ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டி வைக்கலாம் என்று இருக்கிறேன். வீடு ஒழுகுகிறது, நனைந்துவிடக் கூடாது.

கார்த்திகை 7, ஞாயிறு

கீழத்தெரு சமுதாயக்கூடம். பேனா இரவல்.

வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்குத் தண்ணீர் வந்தது. முன்பக்கம் ஆற்றைப் பார்த்துக்கொண்டே இருந்தோம். அது பின்பக்கம் ஓடை வழியாக வந்தது. கொல்லைக் கதவுக்கு அடியில் பாய் விரித்த மாதிரி நுழைந்து, அடுப்படியைக் கடந்து, அவர் கட்டில் கால் நனைகிற வரை எனக்கு நம்பிக்கை வரவில்லை. ஆம்புலன்ஸுக்கு போன் அடித்தேன். பைபாஸ் வரைதான் வர முடியும் என்றார்கள். தெருவெல்லாம் கூச்சல். குற்றாலிங்கம் அண்ணாச்சி அவர் வீட்டு மாடிப்படியில் ஏறி நின்றுகொண்டு யாரையோ கூப்பிட்டுக்கொண்டிருந்தார். எங்கள் வீட்டுக்கு மாடி கிடையாது.

முழங்கால் வரை ஏறியபோது ஜெயசீலியின் தம்பி தேவசகாயம், இன்னும் மூன்று பேரோடு வாசலில் வந்து நின்றான். பின்னால் அவள். வாசற்படிக்கு வெளியே, இடுப்புத் தண்ணீரில் நின்றுகொண்டு அவன் கேட்டான்:

"உள்ள வரலாமாம்மா?"

அவன் கேலிக்குக் கேட்கவில்லை. உண்மையாகத்தான் கேட்டான். நான் வா என்று சொல்கிற வரை நால்வரும் அங்கேயே நின்றார்கள்.

கட்டிலோடு அவரைத் தோளில் தூக்கினார்கள். ஜெயசீலி இடுப்புக்கு இரண்டு பக்கமும் தலையணை வைத்து, சேலையால் கட்டிலோடு சேர்த்துக் கட்டினாள். தெருவில் இடுப்புத் தண்ணீர். ஒவ்வொரு அடிக்கும் "மெல்ல, மெல்ல" என்று சொல்லிக்கொண்டே வந்தாள். பிள்ளையார் கோயில் முக்கில் சாக்கடை மூடி தண்ணீருக்கடியில் திறந்து கிடந்திருக்கிறது. தேவசகாயத்தின் கால் உள்ளே போய்விட்டது. கட்டில் ஒரு பக்கமாக இறங்கி அடித்தது. அவர் கத்திய கத்தலை நான் எழுதப்போவதில்லை.

முக்கு திரும்பியதும் தண்ணீர் முழங்காலுக்கு வந்தது. கொஞ்சம் போனதும் கணுக்கால். அப்புறம் ஈர மண். மூச்சு வாங்கியது. ஏறிக்கொண்டிருக்கிறோம் என்று அப்போதுதான் என் காலுக்குத் தெரிந்தது. இத்தனை வருஷமாக இந்த ஊரில் இருக்கிறேன், இந்தத் தெருவுக்கு நான் நடந்து வந்ததே இல்லை.

கூடத்தில் விளக்கு எரிந்தது. கட்டிலும் மெத்தையும் அவள் சொன்னபடியே இருந்தன. மருந்து கொடுத்து அவரைத் தூங்க வைத்தாள். அதற்குள் படகு போட்டு மற்றவர்களையும் கொண்டுவந்துவிட்டார்கள். குற்றாலிங்கம் அண்ணாச்சி வேட்டியைப் பிழிந்துகொண்டே, "ஆறு மணின்னான், அஞ்சு மணிக்கே வந்துட்டு. ஒரு மணி நேரம் தப்பு. இத எப்படி நம்பச் சொல்லுதீய?" என்றார். இரண்டு பேர் ஆமா என்றார்கள். நானும் அந்த ஒரு மணி நேரத்தைப் பிடித்துக்கொண்டேன். அதைத் தவிர அப்போது என்னிடம் வேறொன்றும் இல்லை.

பிறகு தேவசகாயத்தின் மனைவி எல்லாருக்கும் சுக்குக் காபி கொண்டுவந்தாள். கீழத்தெருக்காரர்களுக்கு எவர்சில்வர் டம்ளரில். எங்களுக்குப் பேப்பர் கப்பில்.

"ஒங்களுக்குன்னு பேப்பர் கப்பு தனியா வாங்கி வச்சிருக்கோம்மா. எங்க டம்ளர்ல குடிப்பீயளோ என்னமோன்னு. அன்னைக்கு ஸ்கூல்ல மேப்பு காட்டுனாவள்லா, அன்னைக்கு சாயங்காலமே ஜெயசீலி மைனி போயி வாங்கிட்டு வந்துட்டாவ."

அவள் முகத்தில் ஒரு கோபமும் இல்லை. சீனி போதுமா என்று கேட்கிற மாதிரி சொன்னாள். குற்றாலிங்கம் அண்ணாச்சி கப்பை வாங்கிக்கொண்டு, "பரவாயில்லயே. சுகாதாரமா ஏற்பாடு பண்ணியிருக்காவ" என்றார்.

என்னுடைய வார்த்தையை அவர் வாயிலிருந்து கேட்டேன். கப்பைக் கீழே வைக்கவும் முடியவில்லை, குடிக்கவும் முடியவில்லை. வெட்கமாக இருந்தது. வெள்ளம் வருமா வராதா என்று எண்பத்தைந்து விழுக்காடுதான் அந்த மிஷினுக்குத் தெரிந்தது. எங்களைப் பற்றி ஜெயசீலிக்கு நூறும் தெரிந்திருக்கிறது.

கார்த்திகை 9, செவ்வாய்

ஜில்லா ஆஸ்பத்திரி. எக்ஸ்ரே எடுத்தார்கள். பிளேட் நகர்ந்துவிட்டது. இந்த வயதில், இந்தச் சர்க்கரையில் இன்னொரு ஆபரேஷன் வேண்டாம் என்கிறார் டாக்டர்.

"முன்கூட்டியே தகவல் வரலையாம்மா?"

"வந்துச்சு. நேரம் கொஞ்சம் தப்பாச் சொல்லிட்டாங்க" என்றேன்.

அவர் கண்ணை மூடிப் படுத்திருந்தார். தூங்கவில்லை என்று எனக்குத் தெரியும்.

கார்த்திகை 14, ஞாயிறு

வீட்டுக்கு வந்துவிட்டோம். ஆம்புலன்ஸ்காரர்கள் மெல்லத்தான் ஓட்டினார்கள். இனி மெல்ல ஓட்டி என்ன.

சுவரில் என் மார்பளவுக்குத் தண்ணீர் நின்ற கோடு. சேறு, சேறு, எங்கும் சேறு. பரணில் ஏற்றிய பட்டும் பத்திரமும் பாத்திரமும் பத்திரமாக இருக்கின்றன. வாக்கர் கொல்லையில் சகதியில் குத்திட்டு நின்றது. கழுவித் துடைத்துப் பரணில் போட்டுவிட்டேன், அவர் கண்ணில் படாமல்.

ஜெயசீலியின் டம்ளரைக் காணவில்லை. மாடம் காலியாக இருக்கிறது. தண்ணீர் கொண்டுபோயிருக்கும்.

தெருவில் பேச்சு மாறவில்லை. ஐந்தா ஆறா என்று இன்னும் வழக்கு நடக்கிறது. குற்றாலிங்கம் அண்ணாச்சி தெருப் பெயரை மாற்ற மனுப் போடலாமா என்று கேட்டாராம். யாரும் சிரிக்கவில்லை என்று சொன்னார்கள்.

மாலையில் அவர் தானாகவே பேசினார்.

"ஏளா, டாக்டர்ட்ட நேரம் தப்புன்னியே."

"ம்."

"காலைல பத்தரை மணிக்கே வண்டி வந்துச்சு."

திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். நான் கட்டிலோரமாகத் தரையில் உட்கார்ந்து வெகுநேரம் அழுதேன். அவர் கையைத் தொங்கவிட்டு என் தலையில் வைத்துக்கொண்டார். மாத்திரை கொடுக்க மறந்துவிட்டேன்.

கார்த்திகை 17, புதன்

தீபம்.

காலையில் ஜெயசீலி வந்தாள். வெள்ளத்துக்குப் பிறகு இன்றுதான் முதல் தடவை. கொல்லை இன்னும் சேறாகக் கிடக்கிறது, வழுக்கும், முன்வாசல் வழியாக வா என்று சொன்னேன். வாசற்படியில் கொஞ்சம் தயங்கி, செருப்பைத் தெருவிலேயே விட்டுவிட்டு வந்தாள். இனி நடைப் பயிற்சி கிடையாது. படுக்கைப் புண் வராமல் இருக்க எப்படிப் புரட்டிப் படுக்க வைக்க வேண்டும் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தாள். அவர் அவளிடம் தேவசகாயத்தின் கால் எப்படி இருக்கிறது என்று விசாரித்தார். தையல் பிரித்தாயிற்றாம். காலில் காயம் பட்ட விஷயமோ தையல் போட்ட விஷயமோ எனக்குத் தெரியாது. நான் கேட்டிருக்கவில்லை.

காபி போட்டேன். அவள் டம்ளர் வெள்ளத்தோடு போய்விட்டதல்லவா, வேறு வழியில்லை, எங்கள் டம்ளரில் கொடுத்தேன். வேறு வழியில்லை என்று எழுதிவிட்டேன். பேப்பர் கப் இருந்தது. நான்தான் எடுக்கவில்லை.

அவள் டம்ளரைக் கையில் வாங்கி, திருப்பிப் பார்த்து, புள்ளி புள்ளியாக வெட்டியிருந்த எழுத்தைக் கூட்டிப் படித்தாள்.

"மங்கையர்க்கரசி. ஒங்க பேராம்மா?"

"ஆமா."

"நல்லாருக்கு. இத்தன நாளு தெரியாது."

பிறகு டம்ளரை உயரத் தூக்கி, அண்ணாந்து, ஒரு சொட்டு உதட்டில் படாமல் குடிக்க ஆரம்பித்தாள். ஆவி பறக்கிற காபி.

"சூடா இருக்கு ஜெயசீலி. வாய் வச்சே குடி."

அவள் நிறுத்தி, என்னைப் பார்த்தாள். சிரித்தாள் என்றுதான் நினைக்கிறேன்.

"பழகிட்டும்மா" என்றாள்.

குடித்து முடித்ததும் நான் கையை நீட்டுவதற்குள் டம்ளரை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போய்விட்டாள். குழாய்ச் சத்தம் கேட்டது. சேற்றில் பார்த்துப் பார்த்துக் கால் வைத்துத் திரும்பி வந்து, சாயங்காலம் வருகிறேன் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினாள்.

பொழுது சாய்ந்ததும் வாசலில் அகல் வரிசை வைத்தேன். அவர் பார்க்கட்டும் என்று அறைக் கதவையும் நடைக் கதவையும் திறந்து வைத்தேன். கட்டிலிலிருந்து இரண்டு விளக்கு தெரிகிறது என்றார். இரண்டே போதும் என்றார்.

கடைசி விளக்கைக் கொல்லைச் சுவர் மாடத்தில் வைக்கப் போனேன். அங்கே என் பெயர் வெட்டிய டம்ளர் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தது.

விளக்கு வைக்க இடமில்லை. எண்ணெய் விரலில் வழிய வழிய, அதைக் கையில் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றேன். உள்ளேயிருந்து அவர், "ஏளா, வெளக்கு வச்சாச்சா?" என்று கேட்டார்.

"இன்னும் இல்ல" என்றேன்.